அக்கா வாங்கிய முட்டை

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் செல்போனை நீட்டி "இதப் பாரேன்" என்றால், பார்ப்பதற்கு முன்பே "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவோம். கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். போன மாதம் என் மகள் நீட்டியபோது மட்டும் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். திரையில் அக்காவின் பெயர் இருந்தது.

யாரோ ஒரு புண்ணியவான் பெண்களுக்கான தேசிய செஸ் போட்டியின் வரலாற்றைத் தொகுத்து வைத்திருக்கிறார். எந்த வருடம், எந்த ஊர், யார் ஜெயித்தார்கள், யார் யாரிடம் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று கட்டம் கட்டமாகப் பட்டியல். பெங்களூரில் நடந்த அந்த ஒரு வருடத்துப் பட்டியலில் ஏழாவது வரியில் அக்கா. கடைசிச் சுற்றுக்கான கட்டத்தில் ஒரு முட்டை. பூஜ்ஜியம் என்று மரியாதையாகச் சொல்லலாம். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு முட்டை என்றுதான் பெயர்.

"பெரியம்மா கடைசி ஆட்டத்துல தோத்துட்டாங்களா?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய். அந்த ஆட்டம் ஆடி முடிக்கப்படவே இல்லை. அதைப் பட்டியல் எப்படிச் சொல்லும்? கட்டத்துக்குள் ஒரு எண்தான் பிடிக்கும்.

அப்போது நாங்கள் பெங்களூர் ஜோகுபாளையத்தில் இருந்தோம். எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் லேத் வேலை. அங்கே மனமகிழ் மன்றத்தில் பழைய செஸ் பலகை ஒன்று கிடந்தது. அப்பா மதிய இடைவேளையில் ஆடக் கற்று, வீட்டுக்கு வந்து அம்மாவோடு ஆடப் பார்த்தார். அம்மா கையை எடுத்துக் கும்பிட்டாள். அப்படித்தான் அக்கா உட்கார்ந்தாள். ஒரு வருடத்தில் அப்பாவை ஜெயித்தாள், இரண்டாவது வருடத்தில் மன்றத்தையே ஜெயித்தாள். அதற்குப் பிறகு அப்பா ஆட்டக்காரர் வேலையை விட்டுவிட்டு மேனேஜர் ஆகிவிட்டார். அக்கா எப்போது தூங்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு நேரம் யோசிக்க வேண்டும் எல்லாம் அவர் சட்டம்தான்.

அவர் சட்டங்களில் முக்கியமானது மூளை சூடாவது பற்றியது. ஆட்டம் முடிந்து வந்ததும் அக்கா பால் குடித்துவிட்டு, நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு, திரையை இழுத்துவிட்டுப் படுக்க வேண்டும். மறுநாள் காலை வரை காயைத் தொடக்கூடாது, ஆட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது. லேத்தைக்கூட ஷிப்டு முடிந்தால் ஆறவிடுகிறோமே என்பது அவர் கணக்கு. இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது வீடே அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. நானும் பால் குடித்து, உதட்டின் மேல் பால் மீசையோடு அக்காவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறேன்.

போட்டி நம் ஊரில் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கப்பன் பார்க் பக்கம் ஒரு மண்டபம். நம் ஊர்க் குளிர் அப்போது நிஜமான குளிர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் மண்டபத்துக்குள் நுழைந்தால் தரைக்குப் போட்ட மெழுகின் வாசனை, கம்பளிச் சட்டைகளில் பாச்சை உருண்டை வாசனை, அதற்கு நடுவே யாரோ தலையில் வைத்திருக்கும் மல்லி. பேச்சு கிடையாது. மேசைக்கு மேசை இரட்டை முகக் கடிகாரங்கள் ஓடும் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தை மறுபடி ஒருமுறை கேட்க முடியுமானால் நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா வீட்டை விட்டு வர முடியாது. அதனால் அக்காவுக்குத் துணை நான். பத்து வயதுத் துணை! பஸ்ஸில் அக்காதான் என் கையைப் பிடித்திருப்பாள். ஆனால் எனக்கு ஒரு பதவி இருந்தது. அப்பாவின் பாக்கெட் செஸ் என் பொறுப்பு.

அதை நீங்கள் பார்த்திருந்தால் ஆசைப்பட்டிருப்பீர்கள். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய மரப்பலகை. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஊசித் துளை. காய்களுக்கு அடியில் சின்ன முளை, துளையில் செருகினால் நிற்கும். கறுப்புச் சிப்பாய்களில் ஒன்று எப்போதோ தொலைந்துபோய், அதற்குப் பதிலாக எரிந்த தீக்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார் அப்பா. அது மட்டும் துளையில் ஆடிக்கொண்டே நிற்கும். ஆட்டம் போகப் போக நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, அக்காவின் மேசையைப் பார்த்துப் பார்த்து இந்தப் பலகையிலும் காய்களை நகர்த்தி வருவேன். சாயங்காலம் அப்பா அதைப் பார்த்துத்தான் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வார்.

அக்கா நன்றாக ஆடினாள். கடைசிச் சுற்றுக்கு முன்னால் நான்காவது இடத்தில் இருந்தாள். முதல் நான்கு பேர் நாட்டின் அணியில் சேர்ந்து வெளிநாடு போவார்கள், அவர்களுக்கு வங்கியில் வேலை கிடைக்கும் என்று பேச்சு இருந்தது. கடைசி ஆட்டத்தில் ஜெயிக்கக்கூட வேண்டாம். டிரா செய்தால் போதும், அரைப் புள்ளியில் நான்காவது இடம் நிற்கும். தோற்றால் போச்சு. அம்மா அந்த வாரம் முழுக்க எந்த வேலை செய்தாலும் வாய் ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. யார் வந்தாலும் "அரைப் புள்ளிதான் வேணுமாம்" என்பாள், அரைப்படி அரிசி கேட்பது மாதிரி.

கடைசிச் சுற்றில் எதிராளி கல்கத்தாவிலிருந்து வந்த பெண். இரட்டைப் பின்னல், நீல ஸ்வெட்டர். அவளுடைய அப்பா குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை என்னிடம் கொடுத்தார். எதிரி கொடுத்ததைத் தின்னலாமா என்று யோசித்தேன், பிறகு தின்றுவிட்டேன்.

ஐந்து மணி நேரம் ஆகியும் ஆட்டம் முடியவில்லை. அந்தக் காலத்து வழக்கம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நேரம் முடிந்தால் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு மறுநாள் காலை தொடர்வார்கள். யாருடைய முறையோ அவர் தன் அடுத்த நகர்த்தலைப் பலகையில் செய்யாமல், ஒரு தாளில் எழுதி உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். எழுதியது எதிராளிக்குத் தெரியாது. ஆட்டத்தைக் குறித்துவந்த தாள்களும் உறைக்குள்ளேயே போய்விடும். நடுவர் உறையின் மேல் ஒரு கட்டப் படம் போட்டு, எந்தக் காய் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்வார். மறுநாள் காலை எல்லார் முன்னாலும் உறையைப் பிரித்து, எழுதியதை ஆடிக் காட்டி, கடிகாரத்தை ஓடவிடுவார்.

அன்று முறை அக்காவுடையது. கையை மறைத்துக்கொண்டு எழுதினாள். யோசிக்கவே இல்லை, கடகடவென்று எழுதி, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அந்தச் சிமிட்டலைத்தான் நான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

பலகையில் அதிகம் மிச்சமில்லை. இரண்டு பக்கமும் ராஜா, சில சிப்பாய்கள், அவ்வளவுதான். ஓரத்தில் எதிராளியின் கறுப்புச் சிப்பாய் ஒன்று, அதாவது என் தீக்குச்சி, கடைசிக் கட்டத்துக்கு ஓடிப்போய் ராணியாக மாறப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவின் வெள்ளை ராஜா அதைத் துரத்திப் பிடித்தால் டிரா, விட்டால் தோல்வி.

பஸ்ஸில் கூட்டம். முன்பக்கம் அக்காவுக்கு உட்கார இடம் கிடைத்தது, கண்ணை மூடிக்கொண்டாள். நான் பலகையைத் திறந்தபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மூடினால் காய் அசைந்துவிடும் என்று பயம். அல்சூர் ஏரி ஓரத்தில் திரும்பும்போது கண்டக்டர் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கன்னடத்தில் கத்திக் கூட்டத்தை முன்னால் தள்ளினார். பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா என் மேல் சாய்ந்தாள். மற்ற காய்கள் நின்றன. தீக்குச்சி மட்டும் விழுந்தது.

கால்களுக்கு நடுவில் குனிந்து தேடி எடுத்தேன். ஓர வரிசை என்று நன்றாகத் தெரியும். எந்தத் துளை என்பதுதான் தெரியவில்லை. இதுவா, இதற்கு முன்னால் உள்ளதா? அக்காவைக் கேட்டிருக்கலாம். நாலு அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஆட்டத்தைப் பற்றி அவளிடம் பேசக்கூடாது என்று சட்டம். அதைவிட, பதவி போய்விடும் என்று பயம். ஒரு துளையில் செருகினேன். செருகிய பிறகு அதுதான் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய சபை கூடியது. அப்பா, சர்ச் பாட்டுக்குழுவை நடத்தும் மாஸ்டர், பக்கத்து வீட்டு போஸ்டாபீஸ் மாமா. மூவரும் செஸ் பைத்தியம். பாக்கெட் செஸ்ஸைப் பார்த்துப் பெரிய பலகையில் காய்களை அடுக்கினார்கள். அம்மா சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அக்கா உள்ளே திரைக்குப் பின்னால் ஈரத்துணியோடு படுத்திருந்தாள்.

"சிப்பாய் ஓடிச்சின்னா ராஜா புடிக்குமா மாஸ்டர்?" என்றார் அப்பா.

மாஸ்டர் பாட்டுக்குத் தாளம் போடுவது போல மேசையில் தட்டித் தட்டி எண்ணினார். "ஒரு கட்டம் கொறையுதே. இன்னொருவாட்டி எண்ணுங்க."

இன்னொருவாட்டி எண்ணினார்கள். இந்தப் பக்கம் போனார்கள், அந்தப் பக்கம் போனார்கள். ராஜா எப்படி ஓடினாலும் தீக்குச்சி ஒரு அடி முன்னால் போய் ராணியாகிவிட்டது.

"பாப்பா இன்னா எழுதிக் குடுத்துச்சோ?" என்றார் மாமா.

"இன்னா எழுதியிருந்தாலும் ஒண்ணுதான்" என்றார் அப்பா. "ஒரு கட்டம். ஒரே ஒரு கட்டம்."

"ஹோக்லி வுடுங்க, போனாப் போவுது. இம்மாந்தூரம் வந்துச்சே பாப்பா, அதே பெருசு" என்றார் மாமா.

அப்போது அக்கா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். பலகையைப் பார்த்தாள். பிறகு கதவோரம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். கையில் சொம்பு. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. எனக்கு அது மிக நீண்ட நேரமாக இருந்தது.

"நீ ஏம்மா எழுந்து வர? போய்ப் படு, மூளைய ஆற வுடு" என்றார் அப்பா. அக்கா போய்ப் படுத்தாள்.

காலையில் அப்பா ஷிப்டுக்குப் போகவில்லை. அக்காவின் முன்னால் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "அம்மாடி, ஆட்டம் போச்சு. நாங்க மூணு பேரும் பாத்துட்டோம். தோத்த ஆட்டத்த இழுத்துனு இருக்கறது மரியாதை இல்ல. அந்தப் பொண்ணுக்கு மத்தியானம் ரயிலாம். நாமளே முன்னாடி போயி சொல்லிட்டா அவுங்க நிம்மதியா கெளம்புவாங்க."

"சரிப்பா" என்றாள் அக்கா.

நல்ல மனிதர் என் அப்பா. அதைத்தான் நான் இன்றுவரை தாங்க முடியாமல் இருக்கிறேன். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஊர் பேர் தெரியாத ஒரு குடும்பம் ரயிலைப் பிடிக்க வேண்டுமே என்று கவலைப்பட்டார்.

மண்டபத்தில் அக்கா நடுவரிடம் போய் ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னாள். கல்கத்தாப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். கை கொடுக்கும்போது அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. "ஒய்?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அந்தக் குரங்குக் குல்லாய் அப்பாவும் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவர்களும் முதல் நாள் சாயங்காலம் எங்கோ ஒரு லாட்ஜில் உட்கார்ந்து எண்ணியிருப்பார்கள். அவர்கள் பலகையில் தீக்குச்சி இல்லை.

பிரிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனதால், நடுவர் உறையை அப்பாவிடமே கொடுத்துவிட்டார். திரும்பும்போது பஸ் காலியாக இருந்தது. அப்பா உறையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, மேலே நடுவர் போட்டிருந்த படத்தைப் பார்த்தார். சும்மாதான் பார்க்க ஆரம்பித்தார். அப்புறம் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். விரலால் ஓர வரிசையைக் கீழிருந்து மேலாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை திரும்பவில்லை. அக்கா முன் சீட்டில் இருந்தாள், இது எதையும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. ஒரு வார்த்தை கூட இல்லை. உறையைச் சர்ச்சுக்கு எடுத்துப்போகும் கீர்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்தார். ஒரு வாரம் கழித்து, தற்செயலாகப் பாக்கெட் செஸ்ஸைத் திறந்தேன். தீக்குச்சியைக் காணோம். அதன் இடத்தில் பித்தளைச் சிப்பாய் ஒன்று நின்றது. தொழிற்சாலையில் லேத்தில் கடைந்தது. தலையில் கறுப்புப் பெயிண்ட். அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழவில்லை. அப்போதுதான் அழுதேன்.

அவர் அதை எனக்காகச் செய்யவில்லை என்பது பிறகு புரிந்தது. பலகையை மூடி, அக்காவின் தலையணைப் பக்கத்தில் வைத்தார். அக்கா திறப்பாள், பார்ப்பாள், அவர் வாயால் சொல்ல முடியாததைப் புரிந்துகொள்வாள் என்று நினைத்திருக்க வேண்டும். அக்கா திறக்கவில்லை. மறுபடி காயைத் தொடவே இல்லை. பலகை அங்கேயே கிடந்து, கடைசியில் என் டிரங்குப் பெட்டிக்கு வந்துவிட்டது. அப்பாவும் மன்றத்துக்குப் போவதை விட்டார்.

அக்கா கணக்கு டீச்சர் ஆனாள், கல்யாணம் ஆனது, ஊருக்குள்ளேயே ஆஸ்டின் டவுனுக்குப் போனாள். அப்பா இறந்தபோது கீர்த்தனைப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். உறை இல்லை. ஜோகுபாளையம் வீட்டைக் காலி செய்தபோது ஒவ்வொரு டப்பாவாகக் கொட்டிப் பார்த்தேன். எங்கே போயிற்றோ. இன்றும் ஏரி ஓரமாக மெட்ரோவில் போகும்போது கீழே அந்தத் திருப்பத்தைப் பார்த்தால் உள்ளங்கை வேர்க்கிறது.

அந்தப் பட்டியலைப் பார்த்த மறுவாரம் பலகையைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். செல்போனைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"முட்டைதானே. வேகவெச்சி சாப்ட்டுடலாம் வுடு."

"அக்கா, அது என்னால" என்றேன். பஸ், பூக்கூடை, தீக்குச்சி எல்லாவற்றையும் கொட்டினேன். பத்து வயதில் சொல்லியிருக்க வேண்டியதைத் தலை நரைத்த பிறகு சொன்னேன். மூக்கு ஒழுகியது, கைக்குட்டை எடுத்துப்போக மறந்திருந்தேன்.

"தெரியும்" என்றாள். "தண்ணி குடிக்க வந்தேனே, அப்பவே பாத்தேன். ஒரு கட்டம் முன்னாடி நின்னுச்சி."

"அப்புறம் ஏன்க்கா சொல்லல?"

அக்கா புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். "இன்னா எழுதுனன்னு யாராச்சும் கேப்பாங்கன்னு நின்னேன்டி. என் ஆட்டம். மூணு ஆம்பளைங்க உக்காந்து எண்ணுறாங்க. உள்ள படுத்திருக்கறவள ஒரு வார்த்த கேக்கலாமேன்னு யாருக்கும் தோணல. சொம்ப வெச்சினு நின்னேன். போய்ப் படுன்னாரு. எனக்கு அப்படி ஒரு கோவம். சரி, போகட்டும்னு வுட்டுட்டேன். வயசு அப்படி. இப்ப நெனச்சா, வாயத் தொறந்திருக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த மூவரை மட்டும் சொல்வானேன், நான் கேட்டேனா? இத்தனை வருடத்தில் உறையைத் தேடித் தேடி அலைந்தேனே தவிர, எழுதியவளைக் கேட்கவில்லை.

"இன்னாக்கா எழுதுன?" என்றேன்.

பலகையைக் கேட்டு வாங்கினாள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காய்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செருகினாள். ஒரு இடத்திலும் தயங்கவில்லை. ஓர வரிசையில் கடைசியாக வந்தது பித்தளைச் சிப்பாய். எந்தத் துளை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு வெள்ளை ராஜாவைப் பிடுங்கி, குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகர்த்தி வைத்தாள்.

"இதான். ஓடு பாக்கலாம்."

எனக்கு ஆடத் தெரியாது, ஓடத் தெரியும். சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன். ராஜா ஒரு கட்டம் வந்தது. இன்னொன்று. ராஜாவும் இன்னொன்று. நான்காவது அடியில் ராஜா பக்கத்திலேயே வந்து நின்றது. ஐந்தாவது அடியில், ராணியாக வேண்டிய கடைசிக் கட்டத்தில், அக்கா என் சிப்பாயைப் பிடித்தாள்.

"அரைப் புள்ளி" என்றேன்.

"அரைப் புள்ளி" என்றாள்.

பிடித்த காயைக் கீழே வைக்கவில்லை. இரண்டு விரலில் உருட்டினாள். தலையில் பெயிண்ட் உதிர்ந்து பித்தளை தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், முளையைத் தடவினாள்.

"இது தீக்குச்சிதானே இருந்துச்சி? இத யாரு செஞ்சது?"

"அப்பா."

"எப்போ?"

"அடுத்த வாரமே. உன் தலகாணிகிட்டதான் வெச்சாரு. நீ தொறக்கல."

அக்கா அந்தக் காயை உள்ளங்கையில் வைத்துக் கையை மூடிக்கொண்டாள். நான் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன், அது ஆறியது. கிளம்பும்போது பலகையை மூடிப் பையில் வைத்தேன். ஓர வரிசையில் ஒரு துளை காலியாக இருந்தது. அவள் கை இன்னும் மூடியே இருந்தது, நான் கேட்கவில்லை.